வட்டத்தொட்டியும் ரசிகமணியும்

தாமிரபரணி ஆற்றுக்கு அருகில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு வீடு. அதன் முற்றம் வட்டமாக அமைந்திருந்தது. நடுவில் முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமுமாக உள்ள வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்பது தென்பாண்டி நாட்டு வழக்கு. ஆகவே அங்கே கூடிய நண்பர் குழுவுக்கு வட்டத்தொட்டி என்ற பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. பதிவு இல்லை, சந்தா இல்லை, விதிமுறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து அமர்கிறவர் உறுப்பினர், அவ்வளவே. 1924ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அந்தக் கூட்டத்தின் நடுநாயகமாக வீற்றிருந்தவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார்.

அவர் பிறந்தது 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள். தென்காசிக் குடும்பம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமும் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். ஆனால் வழக்குக் கட்டுகள் அவர் மனத்தைக் கட்டவில்லை. சில காலம் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலையத் துறையில் ஆணையர் பொறுப்பு வகித்தார். வேறொருவருடைய வரலாறாயின் இவை பல பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும். டி.கே.சி.யின் வரலாற்றில் இவை ஒரு பத்திக்குமேல் வேண்டுவதில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கை ஞாயிறு மாலைகளில் இருந்தது.

அந்த மாலைகள் ஏன் அவ்வளவு இன்றியமையாதவை ஆயின என்பதை உணர, அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என உ.வே.சாமிநாதையர் ஏட்டில் கிடந்த நூல்களை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னும் உடனும் உழைத்த பதிப்பாசிரியர்கள் வேறு. ஒரு தலைமுறைக்குள் தமிழனின் முன்னே மலைபோல் நூல்கள் குவிந்தன. கிடைத்ததில் ஓர் எழுத்தும் வீணாகிவிடக் கூடாது என்பது ஏடு தேடியவர்களின் தவம். அந்தத் தவம் பலித்த பிறகுதான் அடுத்த கேள்வி எழ முடியும்: இவ்வளவும் வந்துவிட்டது, இனி எதைப் படிப்பது? எதை எடுத்து மற்றவருக்குப் படித்துக் காட்டுவது?

புலவர்களிடம் இதற்கு ஒரு விடை இருந்தது. பழமையானது, இலக்கணம் செறிந்தது, உரை வேண்டுவது, தேர்வுக்கு வைக்கத் தக்கது எதுவோ அது உயர்ந்தது. ஆங்கிலம் கற்றவரிடம் இன்னொரு விடை இருந்தது. தமிழில் படிக்கத் தக்கது ஒன்றும் இல்லை என்று ஷேக்ஸ்பியரோடும் வோர்ட்ஸ்வொர்த்தோடும் நின்றுவிட்டார்கள். டி.கே.சி. ஆங்கிலக் கவிதையில் தோய்ந்தவர்தாம். ஆனால் இந்த இரண்டு விடைகளும் அவருக்கு உவப்பாக இல்லை. அவர் தம் காதை நம்பினார். ஒரு பாடலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அது பேசுகிறதா என்று கேட்க வேண்டும். பேசினால் எடுத்துக்கொள்ள வேண்டும். பேசாவிட்டால் எவ்வளவு பெரிய பெயர் அதன்மேல் இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். வட்டத்தொட்டியின் விதிமுறை என்று ஒன்று இருந்ததாயின் அது இதுவே.

கூட்டம் நடந்த முறையும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. கையில் நூலை வைத்துக்கொண்டு ஒருவர் ஓதப் பிறர் உறங்கும் கூட்டம் அன்று அது. டி.கே.சி. ஒரு பாடலைச் சொல்வார். மீண்டும் சொல்வார். பள்ளியில் பழகியதுபோல் சீர் சீராக வெட்டிச் சொல்லாமல், பாடலில் வரும் பாத்திரம் நம் எதிரே நின்று பேசினால் எங்கே தயங்குமோ அங்கே தயங்கி, எங்கே சீறுமோ அங்கே சீறிச் சொல்வார். ஓரடியை எடுத்து வைத்துக்கொண்டு அதிலேயே நெடுநேரம் நிற்பார். ஒரு மாலைக்கு ஒரு பாடல் அல்லது இரண்டு பாடல். அதற்குமேல் போகாத நாட்கள் உண்டு. விருத்தத்துக்குள் தாளம் இருக்கிறது, தாளத்துக்குள் உணர்ச்சி இருக்கிறது, இரண்டும் சேர்ந்த உருவமே கவி என்பது அவர் கொள்கை. கொள்கையை விளக்கிச் சொற்பொழிவு ஆற்றுவதைக் காட்டிலும், பாடலைச் சொல்லிக் காட்டிக் கேட்டவரைத் தாமே கண்டுகொள்ள வைப்பதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. பின்னாளில் அவர் பாடல்களை அச்சிட்டபோதும் பொருளுக்கும் பேச்சோட்டத்துக்கும் ஏற்ப அடிகளைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டே அச்சிட்டார். படிப்பவன் கண்ணால் படித்தாலும் காதில் விழ வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்த வீட்டின் விருந்தோம்பலைக் குறிப்பிடாமல் வட்டத்தொட்டியைப் பற்றி எழுதியவர் எவரும் இலர். திருமதி பிச்சம்மாளின் சமையலறைக்கு அந்தக் கூட்டத்தில் உரிய பங்கு உண்டு. இலக்கிய வரலாறு எழுதுவோர் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது வழக்கம். ஆயினும் பசித்த வயிற்றோடு ஓரடியில் அரைமணி நேரம் நிற்க எவராலும் ஆகாது என்பதை இலக்கியக் கூட்டம் நடத்தியவர்கள் அறிவார்கள்.

அந்தத் தாழ்வாரத்தில் அமர்ந்தவர்கள் ஒரே தன்மையர் அல்லர். முதியவரான வெள்ளகால் ப.சுப்பிரமணிய முதலியார் போன்ற புலமையாளர் உண்டு. பி.ஸ்ரீ. ஆச்சார்யா உண்டு, கம்பனையும் வைணவத்தையும் எளிய தமிழில் எழுதிய அவர் 1965இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார். ஆங்கிலப் பேராசிரியர் அ.சீனிவாசராகவன் உண்டு, அவரது கவிதை நூலான வெள்ளைப் பறவை 1968இல் அதே பரிசைப் பெற்றது. தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் உண்டு; அரசு அதிகாரியாக உயர்ந்து, தஞ்சைக் கலைக்கூடம் உருவாகக் காரணமாக இருந்து, கோயில்களை நாடி வேங்கடம் முதல் குமரி வரை நடந்து எழுதியவர். பின்னாளில் நீதிபதியான எஸ்.மகாராஜன் உண்டு, கம்பனைப் பற்றிச் சாகித்திய அக்காதெமிக்காக ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். வக்கீலும் அதிகாரியும் ஆசிரியரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே பாடலைக் கேட்டார்கள். பாடல் அவரவருக்குள் வெவ்வேறு வேலை செய்தது.

இலக்கிய வட்டம் நடத்துபவர்க்குத் தெரிந்த தொல்லை ஒன்று உண்டு. அடுத்த மாதம் எந்த நூல் என்று கேட்டால் பத்துப் பேர் பன்னிரண்டு நூல்களைச் சொல்வார்கள். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு வேம்பு. வாக்கெடுப்பு வைத்தால் எவருக்கும் பெரிதும் பிடிக்காத ஒன்று வெற்றி பெறும். வட்டத்தொட்டியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தேர்ந்தவர் ஒருவரே. அதுவே அதன் வலிமை. பின்னர்ப் பார்க்கப் போவதுபோல, அதுவே அதன் குறையுமாம்.

வலிமைக்கு நல்ல சான்று முத்தொள்ளாயிரம். சேர சோழ பாண்டியர் மூவரையும் பாடிய அந்தப் பழம் பெருநூல் முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகுப்பில் அகப்பட்ட நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே எஞ்சின. அவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் வந்துவிட்டன. ஆனால் புலவர் கூட்டத்துக்கு வெளியே அவற்றைத் தேடியவர் அரியர். தலைவனை உலாவில் கண்டு மயங்கிய பெண்ணும், கதவை அடைக்கிற தாயும், போர்க்களத்து யானையும் அந்த வெண்பாக்களில் உயிரோடு நிற்பதை டி.கே.சி. கண்டார். வட்டத்தொட்டியில் சொல்லிச் சொல்லிச் சுவைத்தார். பிறகு தம் விளக்கத்தோடு 1940களில் நூலாக்கினார். அதன்பின் முத்தொள்ளாயிரம் ஆராய்ச்சிக்கு மட்டும் உரிய பொருளாக இல்லை. கடிதத்தில் எழுதி அனுப்பும் பாட்டாயிற்று, மேடையில் சொல்லும் பாட்டாயிற்று. நந்திக் கலம்பகத்துக்கும், திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக்கும், ஊர் பேர் தெரியாத தனிப்பாடல்களுக்கும் இத்தகைய மறுவாழ்வு அந்த முற்றத்தில் கிடைத்தது. காப்பியமா, சிற்றிலக்கியமா என்று அவர் தரம் பிரிக்கவில்லை. சிற்றிலக்கியம் என்ற சொல்லே படிப்பவனைத் தாழ்வாக எண்ண வைக்கிறது. அந்தச் சொல்லை மறந்துவிட்டுப் பாட்டைக் கேட்டவர் அவர்.

இறந்த கவிஞர்களோடு நின்றுவிடவும் இல்லை. நாஞ்சில் நாட்டில் அடக்கமாக எழுதிக்கொண்டிருந்த தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களைக் கேட்டு, இவர் கவிஞர் என்று தமிழகம் முழுதும் கேட்கச் சொன்னவர்களுள் முதன்மையானவர் டி.கே.சி. உயிரோடிருக்கும் ஒருவரைத் தேர்வது செத்தவரைத் தேர்வதைக் காட்டிலும் துணிவு வேண்டுவது. முன்னோர் தீர்ப்பு எதுவும் கைகொடுக்காது. தன் செவி ஒன்றே துணை. கவிமணியின் புகழ் அந்தத் துணிவுக்கும் ஓரளவு கடன்பட்டது.

இந்த நட்பில் ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. டி.கே.சி.யின் மகன் தீத்தாரப்பன் இளமையிலேயே மறைந்தார். கவிமணி இரங்கற் பாடல் ஒன்று எழுதி அனுப்பினார். அந்தப் பாடலைப் பெற்ற தந்தை, துயரத்தின் நடுவிலும் அதைக் கவியாகவே கேட்டு, அதன் அழகை வியந்து பதில் எழுதினார் என்பது நண்பர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. சிலருக்கு இது வியப்பளிக்கும். சிலருக்குச் சற்று அச்சமும் அளிக்கும். மகனை இழந்த நேரத்தில்கூடச் செவி தன் தொழிலை விடவில்லையா என்று கேட்கத் தோன்றும். வேறொரு விதமாகவும் எண்ணலாம். வாழ்நாளெல்லாம் கவியிடமே ஆறுதல் தேடியவருக்கு அன்றைக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

பதவியின் பொருட்டுச் சென்னையில் இருந்த ஆண்டுகளில் நண்பர் வட்டம் அங்கும் விரிந்தது. ராஜாஜியும் கல்கியும் நெருங்கிய அன்பர் ஆயினர். 1939இல் சா.கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது முதல் விழாவுக்குத் தலைமை ஏற்றவர் டி.கே.சி. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கத்திலும் அவர் குரல் ஓங்கி ஒலித்தது. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பொருள் விளங்காத மொழியில் பாடுவதேன் என்பது, வட்டத்தொட்டியில் அவர் பாடலுக்கு வைத்த அதே சோதனைதான். பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழே பயிற்று மொழியாக வேண்டும் என்று அவர் வாதாடியதும் அந்த வேரிலிருந்து கிளைத்ததே. கல்கி இதழில் கம்பனைப் பற்றி அவர் எழுதத் தொடங்கியதும் முற்றத்தில் ஒலித்த குரல் தமிழ்நாடெங்கும் கேட்டது. ஏட்டுத் தமிழும் மேடைத் தமிழும் கலவாமல், எதிரே இருக்கும் நண்பரோடு பேசுகிற நடையில் எழுதினார்.

இனிக் குறையைப் பேச வேண்டும். பேசாமல் விட்டால் அவரை நினைவுகூர்வதில் பொருளில்லை.

கம்பராமாயணம் என வழங்குவது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. இவற்றுள் பிறர் பாடிச் செருகியவை உண்டு என்பது டி.கே.சி. கண்டுபிடித்த செய்தி அன்று. வெள்ளியம்பலத் தம்பிரான் தலையில் ஏற்றி அவற்றை வெள்ளிப் பாடல்கள் என்று சொல்லும் வழக்கு பழையது. ஆனால் எது செருகல் என்று காண அவர் கைக்கொண்ட அளவுகோல் புதியது. ஏடுகளை ஒப்பிடுவது அவர் வழியன்று. பாடலைச் சொல்லிப் பார்த்தார். உயிரில்லை என்று தோன்றினால் அது கம்பன் வாக்கு அன்று. உயிருள்ள பாடலில் ஒரு சொல் இடறினால் அந்தச் சொல் பிழை. செவி ஒப்பும் சொல்லை அங்கே வைத்தார். இவ்வாறு கழித்தும் திருத்தியும் அவர் வெளியிட்ட கம்பர் தரும் ராமாயணத்தில், வழங்கிவரும் பாடல்களில் ஒரு சிறு பங்கே எஞ்சியது.

புலவர் உலகம் கொதித்தது. கொதித்ததில் நியாயமும் இருந்தது. கம்பன் ஒருபோதும் அயர்ந்ததே இல்லையா? பத்தாயிரம் பாடல் பாடும் கவிஞன் கதையை நகர்த்துவதற்காகச் சில பாடல்களைச் சாதாரணமாகப் பாடியிருக்க மாட்டானா? நல்லதெல்லாம் கம்பன், அல்லாததெல்லாம் பிறன் என்றால், அங்கே எஞ்சுவது கம்பனா, கம்பனைப் பற்றிய டி.கே.சி.யின் கனவா? இந்தக் கேள்விகளுக்கு ரசனையால் விடை சொல்ல முடியாது. எஸ்.வையாபுரிப் பிள்ளை போன்ற பதிப்பறிஞர்கள் நின்ற இடம் வேறு. சுவடி என்ன சொல்கிறது என்பதே அவர்களுக்கு முதற்கேள்வி. அது நன்றாக இருக்கிறதா என்பது பிறகு. பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பல சுவடிகளை ஒப்பிட்டுக் கம்பராமாயணத்தைப் பதிப்பித்தபோது, பாட வேறுபாடுகளைக் காட்டி, மிகைப் பாடல்களைத் தனியே பிரித்து வைத்தது. ஐயத்துக்குரியதை அழிக்காமல் அருகே வைத்துக் காட்டுவதே பதிப்பறம். டி.கே.சி. அந்த அறத்தை மீறினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் குறை எங்கே நேர்ந்தது என்பதைத் துல்லியமாகக் காண வேண்டும். ஒரு மாலைக்கு ஒரு பாடலைத் தேர்ந்து, மற்றவற்றை அடுத்த வாரத்துக்கு விடுவது முற்றத்தில் செய்யத் தக்க செயல். அங்கே அது பேரருள். அதே கழித்தலை அச்சில் செய்து, இவ்வளவுதான் கம்பன் என்று முத்திரை குத்தும்போது அது வேறு செயலாகிவிடுகிறது. முற்றத்தில் விட்டுவைத்த பாடலை இன்னொருவர் இன்னொரு நாள் எடுத்து வரலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். நூலிலிருந்து நீக்கிய பாடலுக்கு அந்த வாய்ப்பில்லை. வாசகராக இருந்தவரை அவருக்கு நிகரில்லை. பதிப்பாசிரியராக மாறியபோதும் வாசகராகவே இருந்துவிட்டார். அதுதான் நேர்ந்தது.

அடுத்த தலைமுறைத் திறனாய்வாளருக்கு இன்னொரு மனக்குறை. ரசனை மட்டும் போதுமா, ஒரு படைப்பு தோன்றிய காலத்தையும் சமுதாயத்தையும் அலசிப் பார்க்க வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். இந்த வாதத்தின் இரு தரப்பும் ஒரே வீட்டில் பிறந்தன என்பது சுவையான செய்தி. வட்டத்தொட்டியில் தோய்ந்த பாஸ்கரத் தொண்டைமானின் தம்பிதான் தொ.மு.சி.ரகுநாதன். மார்க்சிய நோக்கில் நின்று 1948இல் இலக்கிய விமர்சனம் என்ற நூலை எழுதியவர். அண்ணன் பாடலைச் சுவைத்தார். தம்பி பாடலை விசாரித்தார். திருநெல்வேலி இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

கடைசி ஆண்டுகளில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கினார். வட்டத்தொட்டியும் அவரோடு மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. சாரல் காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். அருவியில் குளியல், விருந்து, பிறகு கம்பன். வர இயலாதவர்களுக்குக் கடிதம் போயிற்று. அவருடைய கடிதங்கள் பின்னர்த் தொகுக்கப்பட்டு நூல்களாக வந்துள்ளன; அவற்றைப் படிப்போர் வட்டத்தொட்டியின் ஒரு மூலையில் அமர்ந்திருப்பதாகவே உணர்வர். உடல் நலம் விசாரிக்கும் வரிக்கு அடுத்த வரியில் ஒரு பாடல் வந்துவிடும். அண்மையில் படித்தது எது, அதில் எந்த இடம் உள்ளத்தைத் தொட்டது, எந்த இடம் வெறும் சத்தம் என்று ஒளிவு மறைவின்றி எழுதுவார். எதிர்த்தரப்பின் விடையையும் ஆவலோடு எதிர்பார்ப்பார். மேடையில் ஒற்றைத் தீர்ப்பாளராகத் தோன்றியவர் கடிதத்தில் நண்பராகிவிடுகிறார்.

இடைசெவல் கிராமத்து இளைஞராக அந்த நாட்களில் அவரை வந்தடைந்தவர்களுள் ஒருவர் கி.ராஜநாராயணன். டி.கே.சி. கம்பனின் விருத்தத்தில் தேடிய பேச்சின் உயிரைக் கி.ரா. கரிசல் காட்டுச் சம்சாரியின் வாயில் தேடினார். கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்கு 1991இல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. கம்பராமாயணத்துக்கும் கரிசல் கதைக்கும் என்ன உறவு என்று கேட்பவர் உண்டு. இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் உறவு விளங்கும்.

1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் டி.கே.சி. குற்றாலத்தில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கவிமணி மறைந்தார். டிசம்பரில் கல்கியும் மறைந்தார். பாடலைச் சொல்லியவர், பாடலை எழுதியவர், இருவரையும் ஊரறியச் செய்தவர் என மூவரும் ஓராண்டுக்குள் போய்விட்டனர். குற்றாலத்தில் ரசிகமணிக்கு நினைவிடம் இருக்கிறது. சாரல் காலத்தில் அருவியின் ஓசையும் அங்கே உடன் இருக்கும்.